வீவக வீட்டில் எதிர்காலம்: சில ஆயிரம் வெள்ளியில் அறிவியல் புனைவுப் படம்

‘வெஸ்ட்வர்ல்ட்’ என்ற அமெரிக்க அறிவியல் புனைவுத் தொலைக்காட்சித் தொடரின் மூன்றாம் பருவம் 2020இல் வெளியானபோது, கதையை விட்டுவிட்டு எந்தக் காட்சியை எங்கே எடுத்தார்கள் என்று கண்டுபிடிப்பதில்தான் சிங்கப்பூர்க்காரர்கள் பலர் மும்முரமாக இருந்தோம். தஞ்சோங் பகாரில் கொடிகளைப் போர்த்திக்கொண்டு சிவப்பாக நிற்கும் ஒயேசியா ஹோட்டல், மரினா ஒன், தேசிய கலைக்கூடம், எஸ்பிளனேட் எல்லாம் அதில் வந்தன. கதையில் அவை எதிர்கால லாஸ் ஏஞ்சலிஸ். அதற்கு ஐந்தாண்டுக்கு முன் வந்த ‘ஈக்குவல்ஸ்’ படமும், உணர்ச்சியே தடைசெய்யப்பட்ட ஒரு வருங்காலச் சமூகத்தைக் காட்ட ஜப்பானோடு சிங்கப்பூரையும் பயன்படுத்திக்கொண்டது. அவர்கள் விமானம் ஏறி வந்து படம்பிடிக்கும் எதிர்காலத்துக்கு நாம் எம்ஆர்டி ரயிலிலேயே போய்விடலாம்.

அறிவியல் புனைவுப் படம் எடுக்க ஆசைப்படும் இளைஞர்கள் இங்கிருந்துதான் கணக்கைத் தொடங்குகிறார்கள். பின்னணி இலவசம், கேமரா கையில் இருக்கிறது, நண்பர்கள் நடிப்பார்கள், அப்புறம் என்ன? என் பார்வையில் இந்தக் கணக்கு முதல் வரியிலேயே பிசகுகிறது. சிங்கப்பூரின் பளபளப்பு பெரிய தயாரிப்புகளுக்குத்தான் லாபம். சிறிய படத்துக்கு அது ஒரு பொறி.

முதலில் அனுமதி. வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளமும் தாழ்வாரமும் மின்தூக்கியும் நகர மன்றத்தின் பொறுப்பு. பூங்கா என்றால் தேசியப் பூங்காக் கழகம். ரயில் நிலையம் என்றால் அதை நடத்தும் நிறுவனம். பளபளக்கும் கட்டடங்களோ பெரும்பாலும் தனியாருடையவை. முக்காலியை விரித்த கொஞ்ச நேரத்தில் பாதுகாவலர் வந்து நிற்பார். முறையாக விண்ணப்பித்தால் மறுத்துவிடுவார்கள் என்றில்லை. ஆனால் படக்குழுவின் விவரம், காட்சிச் சுருக்கம், சில இடங்களில் பொதுப் பொறுப்புக் காப்புறுதி என்று ஒவ்வொன்றாகக் கேட்பார்கள். மேலேயிருந்து ஒரு காட்சி எடுக்கலாம் என்று டிரோனை நினைத்தால், 250 கிராமுக்கு மேல் எடையுள்ள எதையும் பதிவுசெய்தாக வேண்டும். 200 அடிக்கு மேலே பறக்கவிடவும், விமான நிலையம், விமானத் தளம் எதற்கும் 5 கிலோமீட்டருக்குள் பறக்கவிடவும் தனி அனுமதி வேண்டும். சாங்கி, சிலேத்தார், பாய லேபார், தெங்கா, செம்பவாங் என்று வரைபடத்தில் வட்டம் போட்டுப் பாருங்கள், மிச்சம் எவ்வளவு தீவு இருக்கிறது என்று தெரியும். துப்பாக்கிபோல் இருக்கும் பொம்மையைத் தருவிப்பதற்கே காவல்துறையைக் கேட்க வேண்டிய ஊர் இது. லேசர் துப்பாக்கிக் கனவை இங்கேயே இறக்கிவைத்துவிடலாம்.

அனுமதி கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். இன்னொரு சிக்கல் இருக்கிறது, இதை யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. கரையோரப் பூந்தோட்டத்தின் செயற்கை ராட்சத மரங்கள் அமெரிக்கப் பார்வையாளருக்கு வேற்றுக் கிரகமாகத் தெரியலாம். நமக்கு அது பக்கத்து வீட்டு அண்ணனின் கல்யாண ஆல்பம். அங்கே விண்வெளி உடையில் ஒருவர் நடந்து வந்தால் சிங்கப்பூர்ப் பார்வையாளர் எதிர்காலத்தைப் பார்க்கமாட்டார், கார் நிறுத்துமிடம் எந்தப் பக்கம் என்று யோசிப்பார்.

அப்படியானால் சிறு செலவுப் படம் எதை நம்பி நிற்பது? ஒரு விதியை நம்பி. நம் உலகில் ஒரே ஒரு விதியை மாற்றிவிட்டு, மற்ற எல்லாவற்றையும் அப்படியே விட்டுவிடுவது. இந்த வகையில் வென்ற படங்களை எடுத்துப் பார்த்தால் எல்லாவற்றிலும் இதுதான் நடந்திருக்கிறது.

எல்லாரும் முதலில் சொல்வது ‘பிரைமர்’. ஷேன் கரூத் சுமார் 7,000 அமெரிக்க டாலரில் எடுத்த படம். 2004 சன்டான்ஸ் திரைப்பட விழாவில் நடுவர் குழுவின் முதற்பரிசை வாங்கியது. எழுத்து, இயக்கம், நடிப்பு, படத்தொகுப்பு, இசை எல்லாம் அவரே. 7,000 டாலர் என்ற தொகைதான் எங்கும் பேசப்படுகிறது. என்னைக் கேட்டால், பேச வேண்டியது அதிலுள்ள காலயந்திரத்தின் விதியைப் பற்றி. ஆறு மணி நேரம் பின்னால் போக வேண்டுமா, பெட்டிக்குள் ஆறு மணி நேரம் படுத்துக் கிடக்க வேண்டும். நூறு வருடம் பின்னால் போகவே முடியாது; பெட்டியை இயக்கிய நேரத்துக்கு முன்னால் எவரும் போகமுடியாது. இதைக் கதையாசிரியரின் கண்ணால் பார்த்தால் புதிர். தயாரிப்பாளரின் கண்ணால் பார்த்தால் மகா சிக்கனம்! ராஜா காலத்து அரண்மனை வேண்டாம், எதிர்கால நகரம் வேண்டாம். நேற்றும் இன்றும் ஒரே வீடு, ஒரே சட்டை, ஒரே கார் நிறுத்துமிடம். செலவைக் குறைக்கும் வேலையை விதியே செய்துவிடுகிறது.

ஜேம்ஸ் வார்ட் பிர்கிட்டின் ‘கோஹெரன்ஸ்’ 2013இல் வந்தது. செலவு சுமார் 50,000 டாலர், படப்பிடிப்பு ஐந்து இரவு, இடம் இயக்குநரின் சொந்த வீடு. எட்டுப் பேர் சாப்பிட உட்காருகிறார்கள், வானில் ஒரு வால்நட்சத்திரம் கடக்கிறது, மின்சாரம் போய்விடுகிறது. தெருவில் ஒரே ஒரு வீட்டில் மட்டும் விளக்கு எரிகிறது. போய் எட்டிப் பார்த்தால் அது இவர்களுடைய வீடுதான், உள்ளே உட்கார்ந்திருப்பவர்களும் இவர்களே. நடிகர்களுக்கு முழுத் திரைக்கதையைக் கொடுக்கவில்லை. அவரவர் பாத்திரத்துக்குத் தேவையான குறிப்பை மட்டும் அன்றன்றைக்குக் கொடுத்தார்கள். அதனால் முகத்தில் வந்த குழப்பத்தில் பாதி நிஜம். எந்தக் கூட்டம் எந்த உலகத்தைச் சேர்ந்தது என்பதை எப்படிக் காட்டினார்கள் தெரியுமா? கையில் பிடித்திருக்கும் ஒளிரும் குச்சியின் நிறத்தால். நீலம் வைத்திருந்தால் ஒரு கூட்டம், சிவப்பு வைத்திருந்தால் வேறு கூட்டம். தேசிய தினக் கொண்டாட்டத்தில் பிள்ளைகள் ஆட்டும் அதே குச்சி. கணினி வரைகலையில் ஆயிரக்கணக்கில் செலவழித்திருந்தாலும் இந்த அளவுக்கு வயிற்றைப் பிசைந்திருக்காது.

இதையெல்லாம்விட நம் ஊருக்கு நெருக்கமான உதாரணம் என்று நான் நினைப்பது ஜப்பானில் இருக்கிறது. கியோத்தோவைச் சேர்ந்த யூரோப் கிகாக்கு ஒரு நாடகக் குழு. அவர்கள் 2020இல் ‘பியாண்ட் தி இன்ஃபினிட் டூ மினிட்ஸ்’ என்ற படத்தைக் கைப்பேசியில் எடுத்தார்கள். எழுதியவர் மக்கோத்தோ உவேதா, இயக்கியவர் ஜுந்தா யமாகுச்சி. ஒரு காப்பிக்கடை, அதற்கு மேல்மாடியில் கடைக்காரரின் அறை. அறையிலுள்ள கணினித் திரையில் இரண்டு நிமிடம் கழித்து நடக்கப்போவது தெரிகிறது. அவ்வளவுதான் விதி. ஏறக்குறைய எழுபது நிமிடப் படம், வெட்டே இல்லாத ஒரே காட்சிபோல ஓடுகிறது. திரையில் முன்பே பதிவாகிவிட்ட பேச்சோடு, எதிரே உயிரோடு நிற்கும் நடிகர் நொடி பிசகாமல் பேசியாக வேண்டும். ஒருவர் வசனத்தைக் கொஞ்சம் இழுத்தால் மொத்தமும் கவிழ்ந்துவிடும்.

இப்படி ஒன்றைச் செய்ய யாரால் முடியும்? மாதக்கணக்கில் ஒன்றாக ஒத்திகை பார்த்துப் பழகியவர்களால்தான். பணம் இல்லாத இடத்தில் அந்தக் குழு ஒத்திகையை வைத்து ஈடுகட்டியது. இதைப் பார்த்தபோது எனக்குச் சிங்கப்பூர்த் தமிழ் நாடகக்காரர்கள் ஞாபகம்தான் வந்தது. ரவீந்திரன் நாடகக் குழு, அவாண்ட் தியேட்டர், அகம் தியேட்டர் லேப் என்று இங்கே தொடர்ந்து மேடையேற்றுபவர்கள் இருக்கிறார்கள். பகலில் வேறு வேலை, மாலையில் ஒத்திகை என்பது அவர்களுக்குப் பழக்கமான வாழ்க்கை. வசந்தம் தொலைக்காட்சித் தொடர்களில் நடிப்பவர்களில் பலருக்கும் மேடை அனுபவம் உண்டு. ஆனால் நம் குறும்பட இளைஞர்கள் பெரும்பாலும் கேமராக்காரரை முதலில் தேடுகிறார்கள், நடிகரைக் கடைசி வாரத்தில் தேடுகிறார்கள். ஓரறைக் கதைக்கு இந்த வரிசையைத் திருப்பிப் போட வேண்டும். ஆறு வாரம் ஒத்திகை பார்க்க ஆகும் செலவு காப்பியும் எம்ஆர்டிக் கட்டணமும். படப்பிடிப்பில் ஒரு நாள் கூடினால் ஆகும் செலவு அதைவிடப் பல மடங்கு.

சரி, விதியை எங்கே தேடுவது? இங்கேயே கிடக்கிறது. ஒரு உதாரணம் சொல்கிறேன், வேண்டுமானால் யாராவது எடுத்துக்கொள்ளுங்கள். பழைய வீவக புளோக்குகளில் முன்பெல்லாம் மின்தூக்கி எல்லா மாடியிலும் நிற்காது. சில மாடிகளுக்கு ஒருமுறைதான் நிற்கும். மற்ற மாடிக்காரர்கள் அங்கே இறங்கிப் படியேற வேண்டும். 2001இல் மின்தூக்கி மேம்பாட்டுத் திட்டம் வந்த பிறகுதான் ஒவ்வொரு புளோக்காக எல்லாத் தளத்திலும் நிற்கும்படி மாற்றினார்கள். இப்போது கற்பனை: மேம்படுத்திய பிறகும் இரவில் ஒரு குறிப்பிட்ட நேரத்தில் மின்தூக்கி பழைய மாடிகளில் மட்டும் நிற்கிறது, கதவு திறந்தால் வெளியே இருப்பது அந்தப் பழைய ஆண்டு. ஒரு பாட்டி தினமும் அதில் ஏறுகிறார். பழைய ஆண்டைக் காட்டத் தாழ்வாரத்தில் இரண்டு பூந்தொட்டி, ஒரு பழைய சைக்கிள், வானொலியில் ஒரு குரல் போதும். மின்தூக்கிக்கு நகர மன்றத்தின் அனுமதி வேண்டும். கிடைக்காவிட்டால் கதவு திறக்கும் சத்தமும் முகத்தில் விழும் வெளிச்சமும் போதும், மின்தூக்கியையே காட்ட வேண்டியதில்லை. இந்தக் கதையை எழுத வேறு ஊர்க்காரரால் முடியாது. அந்த மாடியேற்றம் நம் முழங்காலுக்குத்தான் தெரியும்.

விதி கிடைத்ததும் அதைக் காகிதத்தில் போட்டு உதைத்துப் பார்க்க வேண்டும். பாட்டி பழைய ஆண்டிலிருந்து ஒரு பொருளைக் கொண்டுவர முடியுமா? அங்கே அவரையே அவர் பார்த்தால் என்ன ஆகும்? பக்கத்து வீட்டுக்காரரும் ஏறினால்? பதில் சொல்ல முடியாத கேள்வி வந்தால் விதியைச் சுருக்க வேண்டும். பெரிய படத்தில் ஓட்டை இருந்தால் இசையும் வெடியும் மூடிவிடும். சின்னப் படத்தில் பார்வையாளருக்கு யோசிக்க நிறைய நேரம் இருக்கிறது, ஓட்டையைக் கண்டுபிடித்துவிடுவார்.

அடுத்து ஒலி. பணம் இருந்தால் முதலில் எதற்குச் செலவழிப்பது என்று யாராவது கேட்டால், யோசிக்காமல் நல்ல ஒலிப்பதிவாளருக்கு என்பேன். படம் கொஞ்சம் மங்கலாக இருந்தால் பாணி என்று மன்னித்துவிடுவார்கள். வசனம் குளியலறையில் பேசியதுபோல் இருந்தால் எழுந்து போய்விடுவார்கள். அதோடு, அறிவியல் புனைவில் திரைக்கு வெளியே இருக்கும் உலகத்தை மொத்தமாகக் கட்டுவதே ஒலிதான். சன்னலுக்கு வெளியே எதையும் காட்டாமல், தாழ்வான ஒரு உறுமலையும் தூரத்தில் ஒரு அபாயச் சங்கையும் வைத்தால் போதும், நகரமே முற்றுகையில் இருக்கிறது என்று நம்பலாம்.

சிங்கப்பூரில் ஒலிப்பதிவு ஒரு போராட்டம். வீட்டுக்குள் குளிர்சாதனத்தை நிறுத்தினால் அரைமணி நேரத்தில் நடிகரின் ஒப்பனை வழிய ஆரம்பிக்கும். நிறுத்தாவிட்டால் எல்லா வசனத்திலும் அதன் முனகல் ஒட்டிக்கொள்ளும். எங்காவது ஒரு மாடியில் எப்போதும் வீட்டுப் புதுப்பிப்பு நடந்துகொண்டே இருக்கும். வீவக விதிப்படி ஞாயிறும் பொது விடுமுறையும் புதுப்பிப்பு வேலைகளுக்குத் தடை என்பதால் வசனக் காட்சிகளை ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளுவது புத்திசாலித்தனம். குயிலுக்கு மட்டும் விதி கிடையாது. விடிவதற்கு முன்பே தொடங்கிவிடும், அதுவும் சரியாக உங்கள் படத்தில் பறவைகளே அழிந்துபோன ஆண்டைக் காட்டும் காட்சியில். இதற்கெல்லாம் பழகிய கைகள் ஒரு காரியம் செய்வார்கள்: ஒவ்வொரு இடத்திலும் யாரும் பேசாமல் ஒரு நிமிடம் அறையின் மௌனத்தைப் பதிவுசெய்துகொள்வார்கள். வெட்டி ஒட்டும் இடங்களை மூட அது உதவும். முக்கியமான வசனங்களை நடித்து முடித்த கையோடு அதே அறையில் கேமரா இல்லாமல் மறுபடி பேசவைத்துப் பதிவுசெய்வார்கள். காசு ஆகாது, பிறகு ஒலிப்பதிவுக்கூட வாடகை மிச்சமாகும்.

குரல் விஷயத்தில் தமிழுக்கு ஒரு வசதி உண்டு. இந்த ஊரில் பொது இடங்களில் நான்கு மொழிகளில் அறிவிப்பு கேட்டுக் கேட்டு நமக்குப் பழக்கம். அந்த அறிவிப்புத் தமிழ் நிமிர்ந்து நிற்கும், ஒவ்வோர் எழுத்தும் தெளிவாக இருக்கும், எவரும் வீட்டில் அப்படிப் பேசுவதில்லை. வீட்டில் பேசுவது மலாயும் ஆங்கிலமும் கலந்து, பாதி வாக்கியத்தில் திரும்பும் தமிழ். ஒரு படத்தில் இயந்திரம் முதல்வகைத் தமிழையும் மனிதர்கள் இரண்டாம்வகைத் தமிழையும் பேசினால், யார் மனிதர் யார் இயந்திரம் என்பதை வேறெதையும் காட்டாமலே சொல்லிவிடலாம். அப்புறம் ஒருநாள் இயந்திரம் சமையலறையில் அம்மா பேசுவதுபோல் பேசத் தொடங்கினால்? அந்தத் திகிலுக்கு ஒரு காசு செலவில்லை. வருத்தம் என்னவென்றால், இங்கே எடுக்கும் பல குறும்படங்களில் எதிர்கால மனிதர்கள் எல்லாரும் செய்தி வாசிப்பவர்போல் பேசுகிறார்கள், இந்த வித்தியாசமே வீணாகிறது.

படக்கருவியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கேரத் எட்வர்ட்ஸ் 2023இல் ‘தி கிரியேட்டர்’ என்ற பெரும் படத்தையே பெரும்பாலும் சோனி எஃப்எக்ஸ்3 என்ற சிறிய கேமராவில் எடுத்தார்; அதே கேமரா இங்கே வாடகைக்குக் கிடைக்கிறது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதை மட்டும் மறக்கக்கூடாது. ஷட்டர் வேகம் அதோடு ஒத்துப்போகாவிட்டால் தாழ்வாரத்துக் குழல்விளக்கும் கடைகளின் எல்இடி பலகையும் திரையில் துடிக்கும். நொடிக்கு 25 சட்டகம், ஷட்டர் ஐம்பதில் ஒரு நொடி என்று வைத்தால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளலாம். குளிர்சாதன அறையிலிருந்து கேமராவை வெளியே கொண்டுவந்ததும் லென்ஸ் பனித்துப்போகும். அதற்கும் நேரம் ஒதுக்க வேண்டும். நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறோம், சூரியன் ஏழு மணி வாக்கில் நேராகக் கீழே இறங்கிவிடும், அதற்குப் பின் வரும் நீல வெளிச்சம் இருபது நிமிடம் நீடித்தால் அதிகம்.

வரைகலையில் இதே எட்வர்ட்ஸின் முதல் படம் ‘மான்ஸ்டர்ஸ்’ இன்னும் பாடமாக இருக்கிறது. 2010இல் ஐந்து லட்சம் டாலருக்கும் குறைவான செலவில், இரண்டு முதன்மை நடிகர்களோடும் ஒரு வேன் நிறையும் அளவுக்கான குழுவோடும் மத்திய அமெரிக்காவில் சுற்றி எடுத்த படம். வழியில் சந்தித்த உள்ளூர்க்காரர்களே துணை நடிகர்கள். பிறகு அவரே கணினி முன் உட்கார்ந்து சுமார் 250 காட்சிகளுக்கு வரைகலை செய்தார். கவனித்தால் அவற்றில் பெரும்பாலானவை ராட்சத உயிரினங்கள் அல்ல, எச்சரிக்கைப் பலகை, உடைந்த கட்டடம், வேலி மாதிரியானவை. அன்றாடத்தை லேசாகக் கீறிவிடும் மாற்றங்கள். இன்றைக்கு ப்ளெண்டர் என்ற வரைகலை மென்பொருள் இலவசம். அதிலேயே செய்த ‘ஃப்ளோ’ என்ற லாத்வியப் படம் 2025இல் ஆஸ்கார் வாங்கியது. மென்பொருள் இருந்தால் போதாது, படம்பிடிக்கும்போதே அதற்கு வழிவிட வேண்டும். கேமராவை முக்காலியில் ஆடாமல் வைத்து எடுத்த காட்சியில் வானத்தை மாற்றுவது ஒரு மாலை வேலை. கையில் பிடித்து ஓடிக்கொண்டு எடுத்ததில் அதையே செய்ய வாரங்கள் ஆகும். கணினித் திரை, கைப்பேசித் திரை எல்லாவற்றிலும் காட்ட வேண்டியதை முன்பே தயாரித்து, படப்பிடிப்பின்போது நிஜமாகவே ஓடவிட்டால் பின்னால் ஒட்டும் தலைவலி இல்லை. அந்த வெளிச்சம் நடிகரின் முகத்திலும் விழும்.

செயற்கை நுண்ணறிவு எல்லாவற்றையும் செய்துவிடுமே என்று கேட்பவர்கள் உண்டு. ஒரு தூரத்துக் காட்சிக்கோ சுவரொட்டிக்கோ அது உதவலாம். ஆனால் எல்லாராலும் ஒரே மாதிரியான பிரம்மாண்டத்தை நொடியில் உருவாக்க முடிகிற காலத்தில் பிரம்மாண்டத்துக்கு என்ன மதிப்பு மிஞ்சும் என்று தெரியவில்லை. பாட்டியின் மின்தூக்கி அதற்குத் தோன்றாது.

சாமான்களுக்குச் சிம் லிம் டவர். மின்னணு உதிரிப் பாகங்கள், மின்கம்பி, சின்ன எல்இடி, விசைப்பலகை எல்லாம் அங்கே சில வெள்ளிக்குக் கிடைக்கும். வீட்டு வாசலுக்கு வந்து பழைய சாமான் வாங்கும் காராங்குனிக்காரரிடம் சொல்லிவைத்தால் பழைய தொலைக்காட்சிப் பெட்டியையும் அச்சுப்பொறியையும் எடுத்துத் தருவார். சுங்கை ரோடு பழைய பொருள் சந்தை 2017இல் மூடப்பட்டது என்னைப்போன்றவர்களுக்கு இன்னும் ஆறாத வருத்தம். ஒரு முழு விண்கலத்தையே அங்கே இருநூறு வெள்ளியில் கட்டியிருக்கலாம்.

பணம் உண்மையில் எங்கே போகிறது? சாப்பாட்டில். பன்னிரண்டு பேர், நான்கு நாள், இரண்டு வேளை, தலைக்கு ஆறு வெள்ளி என்றால் 576 வெள்ளி. தண்ணீரும் காப்பியும் தனி. கடைசி ரயிலுக்கு மேல் வேலை போனால் எல்லாருக்கும் வாடகைக் கார். காப்புறுதி. ஒன்றுக்கு இரண்டாகப் பிரதி வைக்க ஹார்ட் டிஸ்க். இதையெல்லாம்விடப் பெரிய செலவு கணக்கில் எழுதப்படுவதில்லை, அது ஆட்களின் நேரம். பையன்கள் கட்டாயத் தேசிய சேவையில் இருப்பார்கள், மற்றவர்கள் வேலையில் இருப்பார்கள். எல்லாரும் கூடுவது வார இறுதியில்தான் என்றால் நான்கு நாள் படப்பிடிப்பு இரண்டு மாதம் இழுக்கும். அதற்குள் ஒருவர் முடியை ஒட்ட வெட்டிக்கொண்டு வருவார். இதனாலும் ஒரே இரவில், ஒரே உடையில் நடக்கும் கதை நல்லது. சீருடை அணியும் எதிர்காலம் என்றால் இன்னும் நல்லது, ஒரே சட்டையில் நான்கு வாங்கி வைத்துவிடலாம்.

தமிழ்ப் பார்வையாளர் இதை ஏற்பாரா என்ற சந்தேகம் எப்போதும் எழும். 1963இலேயே எம்ஜிஆரின் ‘கலை அரசி’யில் வேற்றுக் கிரகத்தார் வந்து பானுமதியைத் தூக்கிக்கொண்டு போனார்கள், தங்கள் கிரகத்துக்கு இசை வேண்டும் என்பதுதான் காரணம். 2010இல் ‘எந்திரன்’ நூறு கோடி ரூபாய்க்கு மேல் செலவழித்து எதிர்பார்ப்பின் அளவையே மாற்றிவைத்தது. ஆனால் ஐந்தாண்டு கழித்து ‘இன்று நேற்று நாளை’ காலயந்திரத்தை வைத்து என்ன செய்தது? தொலைந்த பொருளைக் கண்டுபிடித்துத் தரும் ஜோசியத் தொழில். கூட்டம் ரசித்தது. நம் மக்களுக்கு விதி புரிந்து, அதில் ஆசையும் பேராசையும் கலந்தால் போதும்.

தயக்கம் வேறு இடத்தில் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. கான் திரைப்பட விழாவின் போட்டிப் பிரிவுக்குப் போன முதல் சிங்கப்பூர்ப் படமே தமிழ் பேசியது: எரிக் கூவின் ‘மை மேஜிக்’, 2008. அப்புறம் டி.டி. தவமணியின் ‘குருஷேத்திரம்’ 2010இல், கே. ராஜகோபாலின் ‘எ யெல்லோ பேர்ட்’ 2016இல். குடி, போதைப்பொருள், சிறை. இவை எடுக்க வேண்டிய கதைகள்தான், நன்றாகவும் எடுத்தார்கள். ஆனால் இங்கே தமிழில் படம் எடுப்பவர் மீது ஒரு சொல்லப்படாத பாரம் ஏறிவிட்டது. சமூகத்தின் காயத்தைக் காட்டினால்தான் அது பொறுப்பான படம். தமிழர்கள் எதிர்காலத்தில் இருப்பார்களா, இருந்தால் எந்த மாடியில், யாரோடு, எந்தப் பேச்சில் என்று கேட்கும் படம் விளையாட்டுத்தனமாகத் தெரிகிறது. என் கருத்தில் இரண்டாவது கேள்விதான் நம்மைப்போல் சிறிய சமூகத்துக்கு அதிகம் வலிக்கக்கூடியது. டான் பீ தியாமின் ‘தியோங் பாரு சோஷியல் கிளப்’, 2020, ஒரு வழியைக் காட்டியிருக்கிறது. தரவை வைத்துக் குடியிருப்பாளர்களின் மகிழ்ச்சியை அளக்கும் ஒரு பேட்டை. பறக்கும் கார் எதுவும் கிடையாது. இருக்கும் பழைய கட்டடங்கள், தேர்ந்தெடுத்த நிறங்கள், எல்லாரும் கொஞ்சம் அதிகமாகச் சிரிக்கும் முகங்கள். அதில் வரும் பேர்ல் பேங்க் அடுக்குமாடிக் கட்டடம் இன்று இல்லை. படம் எடுத்தவர்கள் திட்டமிட்டோ இல்லையோ, எதிர்காலக் கதைக்குள் ஒரு ஆவணமும் சேர்ந்துவிட்டது.

நிதிக்குத் தகவல்தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையத்தின் கீழுள்ள சிங்கப்பூர்த் திரைப்பட ஆணையம் இருக்கிறது. நிபந்தனைகள் அவ்வப்போது மாறும் என்பதால் விண்ணப்பிக்கும் சமயத்தில் பார்த்துக்கொள்வதே சரி. பொதுவில் திரையிட எந்தப் படத்துக்கும் தரப்பிரிவுச் சான்று வேண்டும். 16 வயதுக்குக் குறைந்தவர்கள் பார்க்க முடியாத என்சி16 பிரிவை வாங்கிவிட்டால் உயர்நிலைப் பள்ளி மாணவர்களில் பெரும்பாலோரை இழந்துவிடுவோம். தமிழ் மொழி விழாத் திரையிடலை மனதில் வைத்திருந்தால் வசனம் எழுதும்போதே இதை யோசிக்க வேண்டும்.

முடித்த படத்தை எங்கே காட்டுவது? 1987 முதல் நடக்கும் சிங்கப்பூர் அனைத்துலகத் திரைப்பட விழாவில் தென்கிழக்காசியக் குறும்படங்களுக்குப் போட்டி உண்டு. அறிவியல் புனைவுக்கும் மாயப் புனைவுக்குமென்றே தென்கொரியாவின் பூச்சோனிலும் ஸ்பெயினின் சிட்ஜஸிலும் பெரிய விழாக்கள் நடக்கின்றன. கோல்டன் மைல் டவரில் இருந்த தி புரொஜெக்டர் திரையரங்கு 2025இல் மூடப்பட்டது சிறிய படங்களுக்குப் பெரிய அடி. ஆசியத் திரைப்படக் காப்பகத்தின் ஓல்ட்ஹம் அரங்கு இருக்கிறது, ஆப்ஜெக்டிஃப்ஸ் கலை மையம் இருக்கிறது. விழாவுக்கு அனுப்பும் எண்ணம் இருந்தால் யூடியூபில் அவசரப்பட்டு ஏற்றிவிடாதீர்கள், இணையத்தில் வெளியான படத்தை எடுத்துக்கொள்ளாத விழாக்கள் பல. நீளத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். குறும்படத் தொகுப்பில் பன்னிரண்டு நிமிடப் படத்துக்கு இடம் கண்டுபிடிப்பது எளிது. இருபத்தெட்டு நிமிடம் என்றால் வேறு இரண்டு படங்களை விலக்கிவிட்டுத்தான் உங்களுடையதைச் சேர்க்க வேண்டும். அந்த அளவுக்கு அது நன்றாக இருந்தாக வேண்டும். 1962இல் கிறிஸ் மார்க்கர் நிழற்படங்களை மட்டும் வரிசையாக வைத்து எடுத்த காலப்பயணப் படமான ‘லா ஜெட்டே’ 28 நிமிடம். அதில் அசையும் காட்சி ஒன்றே ஒன்றுதான். அதனோடு போட்டி போடத் தயார் என்றால் நீளமாகவே எடுங்கள்.